பொதுக் கோப்பும் தனிச் சாவியும்

(ஊராட்சி உறுப்பினர்கள் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இத்தகைய முகாம்களில் குடிநீரைப் பற்றியும், சாலைகளைப் பற்றியும், விதையையும் உரத்தையும் பற்றியும் பேசுவது எங்கள் வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதியது. பலர் உபயோகிக்கும் ஒரு கணினியில், எந்தக் கோப்பை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், ஒருவர் ஒரு குழுவின் வேலையிலிருந்து மற்றொரு குழுவின் வேலைக்கு எவ்வாறு மாறுவது என்பதே அப்பொருள்.

"இது இயந்திரம் படித்தவர்கள் பாடு, எங்களுக்கு எதற்கு?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். முன்பு ஊர்க் கணக்கு ஒரு பெட்டியில் இருந்தது. பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது ஊராருக்குத் தெரியும். இன்று வீட்டு வரிக் கணக்கு, குடிநீர்க் கட்டணம், பயனாளிகள் பட்டியல், வேலைகளின் மதிப்பீடு ஆகிய பலவும் கணினிக்குள் சென்றுவிட்டன. பெட்டி மாறியதே தவிர, சாவியைப் பற்றிய கேள்வி மாறவில்லை. அக்கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள். ஆகையால் இதனை உங்கள் முன் வைக்கிறேன்.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேறோர் ஒன்றியத்தில் பணிபுரிந்தேன். அங்கே வீடு கட்டும் திட்டம் ஒன்றின் பயனாளிகள் வரைவுப் பட்டியல் ஒரு கணினியில் இருந்தது. அக்கணினியை உபயோகித்தவர்கள் ஐந்தாறு பேர். ஆனால் எல்லோரும் உள்ளே சென்றது ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லைக் கொண்டு. அந்தப் பெயர், ஒப்பந்த முறையில் கணினி உதவியாளராக வேலை பார்த்த ஓர் இளம் சகோதரியின் பெயர். அவர் விடுப்பில் இருந்த ஒரு நாள் அவசர அறிக்கை ஒன்று தேவைப்பட்டது. தொலைபேசியில் அழைத்துக் கடவுச்சொல்லைக் கேட்டோம். மறுமுறையும் இந்தத் தொல்லை வேண்டாம் என்று, அதனை ஒரு சீட்டில் எழுதி மேசைக் கண்ணாடியின் கீழ் வைக்கச் சொன்னவன் நானே.

இரண்டு மாதங்கள் சென்றன. மனுக்கள் பெறும் ஒரு திங்கட்கிழமையன்று, கணவரை இழந்த ஓர் அம்மையார் வந்தார். விவசாயக் கூலி வேலை செய்பவர். கிராம சபையில் தம் பெயர் வாசிக்கப்பட்டதைத் தம் காதால் கேட்டவர். பட்டியலில் இப்போது பெயர் இல்லை என்று யாரோ சொல்லக் கேட்டு ஓடிவந்திருந்தார். கணினியில் பார்த்தோம். உண்மையாகவே இல்லை, அவர் இடத்தில் வேறொருவர் பெயர் இருந்தது. மாற்றியவர் யார் என்று தேடினோம். கணினி ஒரே ஒரு பெயரைத்தான் சொல்லிற்று. அது அந்தச் சகோதரியின் பெயர்.

நல்லவேளையாகக் கிராம சபையின் தீர்மானப் புத்தகம் கையொப்பங்களுடன் பத்திரமாக இருந்தது. அதைக் கொண்டு அம்மையாரின் பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டது. பின்னர் வீடும் எழும்பியது. ஆனால் மாற்றியவர் யார் என்பது இன்றுவரை தெரியாது. கைத்தவறா, கள்ளத்தனமா என்பதும் தெரியாது. விசாரணை நடந்த நாட்களில் அந்தச் சகோதரி எவர் முகத்தையும் பாராமல் வந்து போனார். ஒப்பந்தக் காலம் முடிந்தபின் அவர் வேலைக்குத் திரும்பவில்லை. அவர் குற்றம் செய்தார் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால், செய்யவில்லை என்று எடுத்துக்காட்டவும் எங்களிடம் ஆதாரம் இல்லை. அந்த ஆதாரத்தை அழித்தது மேசைக் கண்ணாடியின் கீழ் இருந்த அந்தச் சீட்டு.

அதன் பின்னரே, பலர் சேர்ந்து வேலை செய்யும் கணினியை எவ்வாறு ஒழுங்கு செய்வது என்பதை நான் கற்க முற்பட்டேன். கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இந்த முறை வந்த வரலாறு

ஒரு கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பங்கிட்டு உபயோகிக்கும் முறை அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் கல்வி நிலையத்தில் 1961-ஆம் ஆண்டு செய்து காட்டப்பட்டது. அதற்குத் தலைமை வகித்தவர் பெர்னாண்டோ கோர்பாட்டோ என்னும் அறிஞர். 1990-ஆம் ஆண்டுக்குரிய டூரிங் பரிசைப் பெற்றபோது ஆற்றிய உரையில், அவர் தம் கணினியில் நேர்ந்த ஒரு விபத்தை மறைக்காமல் எடுத்துரைத்தார். அங்கே நிர்வாகிகள் ஒரே கோப்புறையில் வேலை செய்தனர். ஒரு நாள் ஒருவர் கடவுச்சொற்களின் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தார்; அதே நேரத்தில் மற்றொருவர் அன்றாட அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு கோப்புறையில் ஒருவர்தான் வேலை செய்வார் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட திருத்தும் கருவி, இருவருடைய தற்காலிகக் கோப்புக்கும் ஒரே பெயரை இட்டது. இரண்டும் இடம் மாறின. அதன் பிறகு கணினிக்குள் நுழைந்த ஒவ்வொருவருக்கும், அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாகக் காட்டப்பட்டன.

அறிஞர்கள் நிறைந்த இடத்திலேயே, இருவர் ஓரிடத்தில் ஒருவரைப் போல் வேலை செய்ததால் இது நிகழ்ந்தது. நம் அலுவலகத்தில் ஐந்து பேர் ஒரு பெயரில் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யுனிக்ஸ் என்னும் இயக்கு முறைமையை ஆக்கத் தொடங்கினர். இயக்கு முறைமை என்பது கணினியின் வேலைகளை எல்லாம் மேற்பார்க்கும் அடிப்படை ஏற்பாடு. 1971-ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற் கையேட்டில், கோப்புக்கு உடையவர், உடையவர் அல்லாதார் என்ற இரு வகுப்பே இருந்தன. ஒன்று என்னுடையது, இல்லையேல் ஊருடையது. சிலர் மட்டும் சேர்ந்து செய்யும் வேலைக்கு இது போதவில்லை. ஆகவே குழு என்ற மூன்றாவது வகுப்பு பின்னர் சேர்ந்தது. 1975-ஆம் ஆண்டு வெளியான ஆறாம் பதிப்பில், ஒரு குழுவிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்வதற்கான 'நியூகுரூப்' என்னும் கட்டளையும் காணப்படுகிறது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இதே முறையைப் பின்பற்றுகிறது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்பதும் லினக்ஸ் வகையைச் சேர்ந்ததே. விண்டோஸ் கணினியிலும் பயனர், குழு, உரிமை ஆகியவை உண்டு. அவற்றை அமைக்கும் விதம் வேறு. நான் இங்கே லினக்ஸ் முறையைக் கொண்டு விளக்குகிறேன்.

கூட்டுக் கிணறு

நம் ஊரில் நான்கு பங்காளிகளுக்குச் சொந்தமான ஒரு கூட்டுக் கிணறு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பங்காளிகள் முறை வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொள்வார்கள். வழிப்போக்கர் ஒருவர் கிணற்றை எட்டிப் பார்க்கலாம். மோட்டாரைப் போட முடியாது. கிணற்றடியில் தனியொருவருக்குச் சொந்தமான தொட்டி இருந்தால், அதில் அவருக்கு மட்டுமே உரிமை.

கணினியும் இவ்வாறே மூன்று வகுப்பினரைக் காண்கிறது. முதலாவது, கோப்பை உடையவர். இரண்டாவது, கோப்பு எந்தக் குழுவுக்கு உரியதோ அக்குழுவினர். மூன்றாவது, மற்றவர். ஒவ்வொரு வகுப்பினருக்கும் மூன்று உரிமைகள் உண்டு: படிக்கும் உரிமை, எழுதும் உரிமை, இயக்கும் உரிமை. இவற்றை எண்களாலும் குறிப்பார்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. படிக்கவும் எழுதவும் உரிமை என்றால் 4-ம் 2-ம் சேர்ந்து 6. படிக்க மட்டும் என்றால் 4. ஒன்றும் இல்லை என்றால் 0.

ஆகவே ஒரு கோப்பின் உரிமை 640 என்றால், உடையவர் படிக்கலாம், எழுதலாம்; குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம்; மற்றவருக்கு ஒன்றும் இல்லை. 660 என்றால் குழுவினரும் எழுதலாம். 644 என்றால் கணினிக்குள் வரும் எவரும் படிக்கலாம். உடையவர் மட்டுமே எழுதலாம். 'சிஎச்மோட்' என்னும் கட்டளையால் இவ்வெண்ணை மாற்றலாம். மாற்றும் அதிகாரம் கோப்பை உடையவருக்கும் கணினி நிர்வாகிக்கும் மட்டுமே உண்டு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கணினி மூன்று வகுப்பையும் கூட்டிப் பார்ப்பதில்லை. வந்தவர் உடையவரா என்று முதலில் கேட்கிறது. ஆம் என்றால் உடையவர் பகுதியை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடுகிறது. இல்லையென்றால் குழுவினரா என்று கேட்கிறது. அதுவும் இல்லையென்றால்தான் மற்றவருக்கான பகுதியைப் பார்க்கிறது. தெரியாமல் 604 என்று உரிமை வைத்துவிட்டால், வெளியார் படிக்கக்கூடிய கோப்பைக் குழுவைச் சேர்ந்தவர் படிக்க முடியாமற்போகும். நடுவிலுள்ள எண் குழுவின் எண் என்பதை மனத்தில் வைத்தால் இத்தவறு நேராது.

அலமாரியும் அதனுள் இருக்கும் காகிதமும்

பலருக்கு வியப்பளிப்பது அடுத்த செய்தி. "கோப்பைப் படிக்க மட்டும் உரிமை கொடுத்தோம், எழுத உரிமை கொடுக்கவில்லை, ஆகவே எவரும் அழிக்க முடியாது" என்று நாம் நம்புகிறோம். அது சரியன்று.

கோப்புகள் இருக்கும் இடத்தைக் கோப்புறை என்கிறோம். அதனை அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அலமாரிக்குள் ஒரு பத்திரத்தை முத்திரையிட்டு வைத்திருக்கிறோம். முத்திரையை உடைக்காமல் அதில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. ஆனால் அலமாரியைத் திறக்கவும், உள்ளே இருப்பதை எடுக்கவும் அதிகாரம் பெற்றவர், பத்திரத்தை முழுதாக எடுத்து அடுப்பில் போடலாம் அல்லவா? கணினியிலும் அப்படியே. கோப்பின் உள்ளே எழுதுவது கோப்பின் உரிமையைப் பொறுத்தது. கோப்பை அழிப்பதும், புதிதாக வைப்பதும், பெயர் மாற்றுவதும் கோப்புறையின் உரிமையைப் பொறுத்தவை. கோப்புறைக்கு எழுதும் உரிமையும் உட்செல்லும் உரிமையும் இருந்தால், பிறருடைய கோப்பையும் அழித்துவிடலாம். கோப்புறையைப் பொறுத்தவரை, இயக்கும் உரிமை என்பதற்கு உட்செல்லும் உரிமை என்றே பொருள்.

இதற்குப் பரிகாரமும் உண்டு. கோப்புறையின் எண்ணுக்கு முன்னால் 1 என்ற குறியைச் சேர்த்தால், அதனுள் இருக்கும் கோப்பை அக்கோப்பின் உடையவரோ, கோப்புறையின் உடையவரோ, கணினி நிர்வாகியோ மட்டுமே அழிக்கலாம். எல்லோரும் உபயோகிக்கும் தற்காலிகக் கோப்புறைக்கு லினக்ஸ் கணினிகளில் இந்தக் குறி இடப்பட்டிருக்கும்.

குழு மாறுதல்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் ஒரே குழுவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் விவசாயி ஒருவருக்கு மேலக் கிணற்றிலும் பங்கு இருக்கலாம். கீழக் கிணற்றிலும் பங்கு இருக்கலாம். இரண்டு கிணற்றுக்கும் அவர் போகலாம். ஆனால் இன்று அவர் வெட்டும் வாய்க்கால் எந்தக் கிணற்றைச் சேர்ந்தது என்பதற்கு ஒரே விடைதான் இருக்க முடியும்.

அலுவலகத்தில் ஒரு கணக்கர் இருக்கிறார். அவர் 'கணக்கு' என்ற குழுவிலும் 'வீட்டுவசதி' என்ற குழுவிலும் உறுப்பினர். இரண்டு குழுக்களின் கோப்புகளையும் அவர் திறக்கலாம். ஆனால் அவர் ஒரு புதிய கோப்பை உண்டாக்கும்போது, அது எந்தக் குழுவுக்குச் சேரும்? அந்த நேரத்தில் எது அவருடைய முதன்மைக் குழுவாக இருக்கிறதோ, அதற்கே சேரும். கணக்குக் குழுவில் நின்றுகொண்டு அவர் வீட்டுப் பயனாளிகள் பட்டியலைத் தயாரித்தால், அது கணக்குக் குழுவின் கோப்பாகிவிடும். வீட்டுவசதிக் குழுவினர் மறுநாள் வந்து திறந்தால், "அனுமதி இல்லை" என்று கணினி மறுக்கும். காணக்கூடாத கணக்குக் குழுவினருக்கோ கதவு திறந்திருக்கும்.

பெரும்பாலான முறைகேடுகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. "அனுமதி இல்லை" என்று வந்தவுடன், காரணத்தைத் தேடாமல் இரண்டு குறுக்கு வழிகளில் ஒன்றை நாடுகிறோம். ஒன்று, "உங்கள் கடவுச்சொல்லைச் சொல்லுங்கள்" என்று கேட்பது. மற்றொன்று, 777 என்று போட்டு எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துவிடுவது. முதலாவது பூட்டின் சாவியை ஊருக்கெல்லாம் கொடுப்பது. இரண்டாவது கதவையே கழற்றி வைப்பது. இரண்டிலும் அன்றைய வேலை முடிந்துவிடும். வினை பின்னால் வரும்.

நேர்வழி எளிது. வீட்டுவசதி வேலையைத் தொடங்கும்முன் அந்தக் கணக்கர் 'நியூகுரூப்' என்னும் கட்டளையுடன் அக்குழுவின் பெயரையும் கொடுக்க வேண்டும். அவர் உறுப்பினராக இருப்பதால் கணினி அவரை அக்குழுவில் நிறுத்திக்கொள்ளும். அதன்பின் அங்கே அவர் உண்டாக்கும் கோப்புகள் வீட்டுவசதிக் குழுவுக்குச் சேரும். வேலை முடிந்ததும் 'எக்ஸிட்' என்று கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம். தாம் யார், இப்போது எந்தக் குழுவில் நிற்கிறோம் என்பதை 'ஐடி' என்னும் கட்டளை காட்டும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, இம்மாற்றம் கட்டளை கொடுத்த அந்தச் சாளரத்தில்தான் செல்லும்; ஏற்கெனவே திறந்திருக்கும் வேறு சாளரங்கள் பழைய குழுவிலேயே இருக்கும். இரண்டாவது, நிர்வாகி ஒருவரைப் புதிதாக ஒரு குழுவில் சேர்த்தால், அவர் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால்தான் அது முழுமையாகப் பலிக்கும். "சேர்த்துவிட்டேன் என்கிறீர்கள், திறக்கவில்லையே" என்று சச்சரவு எழுவது பெரும்பாலும் இதனால்தான்.

மறதிக்கு இடம் தராத ஏற்பாடு

ஒவ்வொரு முறையும் குழு மாறிக்கொள்ள நினைவிருக்குமா? மனிதர் மறப்பது இயல்பு. ஆகவே வேலை செய்பவரின் நினைவை நம்பாமல், வேலை நடக்கும் இடத்தையே ஒழுங்கு செய்வது மேல்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொதுக் கோப்புறை அமைத்து, அதன் எண்ணுக்கு முன்னால் 2 என்ற குறியைச் சேர்க்க வேண்டும். 2770 என்பது போல. அப்போது அதனுள் யார் புதுக் கோப்பு உண்டாக்கினாலும், அவர் எந்தக் குழுவில் நின்றாலும், கோப்பு அந்தக் கோப்புறையின் குழுவுக்கே சேரும். கீழக் கிணற்றுத் தோட்டத்தில் வெட்டிய வாய்க்கால் கீழக் கிணற்றையே சேரும் என்று ஊர்க் கட்டுப்பாடு செய்வது போன்றது இது. முன்பு சொன்ன, பிறர் அழிக்காமல் காக்கும் 1 என்ற குறியையும் சேர்த்தால் 3770 ஆகும்.

இதனோடு 'யூமாஸ்க்' என்ற ஒன்றையும் கவனிக்க வேண்டும். புதுக் கோப்பு பிறக்கும்போதே எந்த உரிமைகளைத் தடுத்துவைப்பது என்பதை அது தீர்மானிக்கிறது. 022 என்று இருந்தால் புதுக் கோப்பு 644 ஆகப் பிறக்கும். குழுவினர் படிக்கலாம், திருத்த முடியாது. குழுவாகத் திருத்தும் வேலைக்கு 007 பொருத்தம். கோப்பு 660 ஆகப் பிறக்கும். வெளியாருக்கு வழி இல்லை.

இன்னொரு சிறு குறிப்பு. வேறிடத்தில் உண்டாக்கிய கோப்பைப் பொதுக் கோப்புறைக்குள் நகர்த்தினால், அது பழைய குழுவைச் சுமந்துகொண்டே வரக்கூடும். பிரதி எடுத்து வைத்தால் புதிய குழுவைப் பெறும். நகர்த்திய கோப்பாயின் அதன் குழுவை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆள் மாறினால்

நம் அலுவலகங்களில் மாறுதல் சாதாரணம். இன்று இருப்பவர் நாளை வேறு ஒன்றியத்தில் இருப்பார். குழு முறையின் பெரும்பயன் இங்கேதான் தெரிகிறது. உரிமை பதவிக்கும் வேலைக்கும் சேர்ந்தது, ஆளுக்குச் சேர்ந்ததன்று. போகிறவரின் பெயரைக் குழுவிலிருந்து நீக்குகிறோம். வருகிறவரின் பெயரைச் சேர்க்கிறோம். கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஆனால் நீக்குவதை மறந்துவிடக்கூடாது. சேர்க்கும்போது காட்டும் அவசரத்தை நீக்கும்போது எவரும் காட்டுவதில்லை. அப்படியே நீக்கினாலும், அவர் அந்த நேரத்தில் கணினிக்குள் இருந்தால், வெளியேறும் வரை பழைய குழுவுரிமை அவரிடம் இருக்கும். மேலும், கணினி தன்னுள் ஆளைப் பெயரால் குறிப்பதில்லை, எண்ணால் குறிக்கிறது. போனவருடைய கணக்கை நீக்கிவிட்டு, அதே எண்ணைப் புதியவருக்குக் கொடுத்தால், பழையவரின் கோப்புகள் யாவும் புதியவருக்குச் சொந்தமாகிவிடும். ஆகையால் முதலில் கணக்கைப் பூட்டி, கோப்புகளை முறையாக வேறொருவர் பெயருக்கு மாற்றிய பின்னரே கணக்கை நீக்குவது நலம். லினக்ஸில் கோப்பின் உடைமையை மற்றொருவருக்கு மாற்ற நிர்வாகியால்தான் முடியும்.

இயந்திரத்தால் ஆகாதவை

இம்முறைகளைச் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. எழுத உரிமை பெற்றவர் பொய்யை எழுதினால் கணினி தடுக்காது. குழுவில் ஐந்து பேருக்கு எழுத உரிமை இருந்தால், கோப்பின் விவரத்தில் அதன் உடையவர் பெயரும், கடைசியாக மாறிய நேரமும் தெரியும். மாற்றியவர் யார் என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத் தணிக்கைப் பதிவைத் தனியே ஏற்படுத்த வேண்டும். அந்தப் பதிவும், ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரில் உள்ளே வந்தால்தான் பயன்படும். கணினி நிர்வாகி எந்தப் பூட்டையும் திறக்கக்கூடியவர். ஆகவே அவருடைய கடவுச்சொல்லைக் கொண்டு அன்றாட வேலை செய்யவே கூடாது. கோப்புகளின் பிரதியை வேறிடத்தில் காப்பதும், முக்கியமான பட்டியலை அச்சிட்டுக் கையொப்பமிட்டு வைப்பதும் அவசியம். அன்று அந்த அம்மையாரின் வீட்டைக் காத்தது கணினி அன்று, தீர்மானப் புத்தகம்.

பூட்டுவதே நோக்கம் என்றும் எண்ண வேண்டாம். ஊர்ப் பணம் எவ்வாறு செலவாயிற்று என்பது ஊராருக்குத் தெரிய வேண்டியது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல செய்திகளைக் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. ஆனால் ஒருவருடைய வங்கிக் கணக்கு எண்ணும், ஆதார் எண்ணும், நோய் விவரமும் ஊருக்குரியவை அல்ல. எது எல்லோருக்கும், எது குழுவுக்கு, எது ஒருவருக்கு மட்டும் என்று பிரித்து முடிவு செய்வதுதான் நிர்வாகம். அந்த முடிவை எண்ணாக எழுதிவைப்பது மட்டுமே கணினியின் வேலை.

நீங்கள் கேட்க வேண்டியவை

உறுப்பினர்களே! உங்கள் ஊர்க் கோப்புகள் இருக்கும் கணினியைப் பற்றிப் பின்வரும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். கட்டளைகளின் பெயர் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

1. வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் உண்டா?

2. எந்த வேலைக்கு எந்தக் குழு, அதில் யார் யார் என்பது எழுத்தில் இருக்கிறதா?

3. மாறுதலாகிப் போனவரின் பெயர் எந்தத் தேதியில் நீக்கப்பட்டது?

4. எல்லோரும் எழுதக்கூடிய கோப்போ கோப்புறையோ இருக்கிறதா? இருந்தால் ஏன்?

5. பட்டியலின் கையொப்பமிட்ட பிரதி எங்கே இருக்கிறது?

இவற்றைக் கேட்பது எவரையும் சந்தேகிப்பதாகாது. நாணயமாக வேலை செய்கிறவரைக் காப்பதாகும். ஊராட்சிப் பணத்தை எடுக்க ஒருவர் கையொப்பம் போதாது என்று விதி வைத்திருப்பது தலைவரை அவமதிப்பதற்காக அன்று. அவர்மேல் பழி வராமல் காப்பதற்காகவே. தனிச் சாவியும் அத்தகையதே.

அந்தச் சகோதரிக்குத் தனிப் பெயரும், அதை அவர் மட்டுமே உபயோகிக்கும் உரிமையும் இருந்திருந்தால், தணிக்கைப் பதிவும் இருந்திருந்தால், ஒரு நாழிகையில் உண்மை தெரிந்திருக்கும். அவருடைய பெயரை ஐந்து பேருக்குப் பொதுவாக்கினோம். பழி மட்டும் அவர் ஒருவர்மேல் விழுந்தது. இன்று நான் பணிபுரியும் அலுவலகத்தில், எவ்வளவு அவசரமானாலும், ஒருவர் கடவுச்சொல்லை மற்றொருவர் கேட்பதில்லை. கேட்கக்கூடாதவர்களில் முதல்வனாக என்னையே வைத்திருக்கிறேன்.

கோப்பு பொதுவாக இருக்கட்டும். சாவி தனித்தனியாக இருக்கட்டும். இதனை உங்கள் ஊர்களில் எடுத்துச் சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.